மீட்பு என்ற சொல்லும் செங்கல்பட்டுச் சேரிகளின் நிலமும்

காஞ்சிபுரம் பக்கம் "மீட்பு" என்ற சொல் மூன்று இடங்களில் புழங்குகிறது.

முதலாவது, அடகுக் கடை. பாவு ஓட்டக் காசில்லாமல் வைத்த தோடு, பிள்ளை ஃபீஸுக்காக வைத்த சங்கிலி, இதையெல்லாம் "மீட்டாச்சா?" என்று கேட்பார்கள். இரண்டாவது, செய்தித்தாள். "அரிசி ஆலையில் கொத்தடிமைகளாக இருந்த இருளர் குடும்பங்கள் மீட்பு" என்ற தலைப்பை இந்த மாவட்டத்துக்காரர்கள் பலமுறை படித்திருப்பார்கள். கோட்டாட்சியர் வருவார், விசாரிப்பார், 1976-ம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி விடுதலைச் சான்றிதழ் கொடுப்பார். மூன்றாவது, தேவாலயம். "இயேசு உங்களை மீட்க வந்தார்" என்று சுவரிலேயே எழுதியிருக்கும்.

நகை, ஆள், ஆன்மா. மூன்றுக்கும் ஒரே சொல். இது தற்செயலா, இல்லை உள்ளே ஏதாவது தொடர்பு இருக்கிறதா? இந்தக் கேள்வியோடு தேட ஆரம்பித்தேன். தேடல் என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் 1890-களின் செங்கல்பட்டு ஜில்லா. அன்று காஞ்சிபுரமும் அதில் ஒரு தாலுகா. இந்தக் கட்டுரையை எழுதும் முசரவாக்கமும் அந்த ஜில்லாவுக்குள் இருந்த கிராமம்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இறையியல் படித்தவன் இல்லை. ஆனால் ஒரு சொல்லுக்கு இரண்டு பேர் இரண்டு பொருள் வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பது என் தொழிலில் தினமும் பார்ப்பது. செங்கல்பட்டிலும் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது.

வேதத்தில் இருக்கும் இரண்டு சொற்கள்

புராட்டஸ்டண்ட் சபைகளில் அதிகம் புழங்கும் பழைய தமிழ் வேதாகமத்தில் இரண்டு சொற்கள் உண்டு: இரட்சிப்பு, மீட்பு. இரட்சிப்பு என்பது "ரக்ஷ" என்ற வடமொழி வேரிலிருந்து வந்தது. காப்பாற்றுதல் என்று பொருள். மீட்பு என்றால் கொடுக்கவேண்டியதைக் கொடுத்துத் திரும்பப் பெறுதல். கிரேக்க மூலத்திலும் இப்படி இரண்டு தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. அதில் இரண்டாவது சொல், அடிமையைப் பணம் கட்டி விடுவிக்கும் வழக்கத்திலிருந்து எடுத்தது. 1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம், பழைய "இரட்சிப்பு" வரும் இடங்களிலும் பெரும்பாலும் "மீட்பு" என்றே போட்டுவிட்டது.

இதற்கும் முந்தைய ஒரு அடுக்கு உண்டு. பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 25-ம் அதிகாரத்தைப் பாருங்கள். ஒருவன் வறுமையில் தன் நிலத்தை விற்றுவிட்டால், நெருங்கிய உறவினன் வந்து அதை மீட்கவேண்டும். அவன் தன்னையே இன்னொருவனுக்கு விற்றுக்கொண்டால், உறவினன் பணம் கட்டி அவனையும் மீட்கவேண்டும். யாரும் மீட்காவிட்டால் ஐம்பதாவது ஆண்டான யூபிலி வந்ததும் நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பிவிடும். ஏனென்றால் நிலம் கடவுளுடையது, மனிதர்கள் அதில் தங்கிப்போகிறவர்கள். அப்படி மீட்க வருகிற உறவினனுக்கு எபிரேய மொழியில் கோயேல் என்று பெயர். பிற்பாடு கடவுளையே இஸ்ரவேலின் மீட்பர் என்று தீர்க்கதரிசிகள் சொன்னபோது பயன்படுத்தியதும் இதே சொல்தான்.

ஆக, மீட்பு என்ற சொல் பிறந்த இடம் நிலமும் கடனும். வானத்துக்குப் போனது அதற்குப் பிறகு.

வாக்கம், பாக்கம், சேரி

இப்போது நம்ம ஊர்ப்பக்கம் வருவோம். ஆற்காட்டு நவாப் 1763-ல் கம்பெனிக்குக் கொடுத்த ஜாகீர்தான் பிற்பாடு செங்கல்பட்டு ஜில்லா ஆனது. 1794-ல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் இங்கே கண்டது மிராசு முறை. ஊர் நிலம் முழுவதும் சில குடும்பங்களின் பங்குகளாக இருந்தது. பெரும்பாலும் வேளாளர், பிராமணர். 1818-ல் எல்லிஸ் இந்த மிராசு உரிமை பற்றித் தனி நூலே எழுதினார். (திருக்குறளுக்கு உரை எழுதிய அதே எல்லிஸ்தான்.)

மிராசுதாருக்கு விளைநிலம் மட்டும் இல்லை. ஊரின் தரிசு நிலத்துக்கு யாராவது தர்காஸ்து போட்டால், அதாவது பட்டா கேட்டு மனுக் கொடுத்தால், முதல் உரிமை மிராசுதாருக்கு. அவர் வேண்டாம் என்றால்தான் வெளியாளுக்கு. ஊருக்கு வெளியே இருந்த சேரி மனையும் அவர் கணக்கில்தான் வந்தது. ஜில்லா மக்கள்தொகையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு பறையர்கள். ஏர் பிடித்தது, நாற்று நட்டது, ஏரி மதகைக் காத்தது எல்லாம் அவர்கள். ஆனால் அவர்கள் குடிசை நின்ற மண்ணே அவர்களுடையது கிடையாது.

1843-ல் ஐந்தாவது சட்டம் அடிமை முறைக்கு இருந்த சட்ட அங்கீகாரத்தை எடுத்துவிட்டது. பிறகு வந்த இந்திய தண்டனைச் சட்டம் ஆளை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. காகிதத்தில் அடிமை யாரும் இல்லை. நடைமுறையில் கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சில ரூபாய்க்கு ஒரு சீட்டு எழுதி, அது தீரும்வரை படியாளாக இருக்கவேண்டும். தீராது. அப்பன் கடன் மகனுக்கு வரும். அடகு வைக்கப்பட்ட பொருள் அந்த ஆளேதான்.

காஞ்சிக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர்கள்

1837-ல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து மிஷனரி சென்னை ஆர்மீனியன் தெருவில் பள்ளி தொடங்கினார். அதுதான் பிற்பாடு சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. இவர்கள் சீக்கிரமே காஞ்சிபுரம், செங்கல்பட்டு, நெல்லூரில் கிளைப் பள்ளிகள் வைத்தார்கள். காஞ்சிபுரத்தில் இன்றும் ஆண்டர்சன் பெயரில் மேல்நிலைப்பள்ளி இருக்கிறது.

அவர்களுடைய திட்டம் தெளிவானது. ஆங்கிலக் கல்வி மூலம் மேல்சாதி இளைஞர்களை எட்டவேண்டும், அங்கிருந்து கிறித்தவக் கருத்து கீழே இறங்கும். கோயில் நகரமான காஞ்சியைத் தேர்ந்தெடுத்ததும் இந்தக் கணக்கோடு பொருந்துகிறது. அதே சமயம் ஆண்டர்சன் வளைந்துகொடுக்காதவர். 1838-ல் பறையர் சிறுவர்கள் பள்ளியில் சேர்ந்திருப்பது தெரிந்து, அவர்களை நீக்கச் சொல்லி மேல்சாதி மாணவர்கள் கேட்டபோது முடியாது என்றுவிட்டார். பலர் வெளியேறினார்கள். 1841-ல் மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது மறுபடி பள்ளி காலியானது.

1843 மே மாதம் ஸ்காட்லாந்துத் திருச்சபையே உடைந்தது. சபைக்கு யார் போதகர் என்பதை நிலப்பிரபு தீர்மானிக்கக் கூடாது என்று சொல்லி 450-க்கும் மேற்பட்ட போதகர்கள் வெளியேறி சுதந்திரத் திருச்சபையை உருவாக்கினார்கள். கோயில், வீடு, சம்பளம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள். சென்னை மிஷனரிகளும் இந்தப் பக்கமே சேர்ந்தார்கள். நிலம் வைத்திருப்பவன் கையில் சபை இருக்கக் கூடாது என்ற நினைவு இந்த மிஷனின் பிறப்பிலேயே உண்டு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சம் எழுப்பிய கேள்வி

1876-78 பெரும் பஞ்சத்தில் சென்னை மாகாணம் லட்சக்கணக்கான உயிர்களை இழந்தது. அரசு நிவாரண வேலையில் கொடுத்த கூலி ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும். அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியம், அதுவும் மண் சுமக்கிற ஆளுக்கு. இந்தச் சமயத்திலும் இதற்குப் பிறகும் திருநெல்வேலி முதல் ஓங்கோல் வரை ஆயிரக்கணக்கானவர்கள் கிராமம் கிராமமாக சபையில் சேர முன்வந்தார்கள்.

மிஷனரிகளுக்குச் சந்தோஷம். கூடவே பயம். இவர்கள் இரட்சிப்புக்காக வருகிறார்களா, சோற்றுக்காகவா? "அரிசிக் கிறிஸ்தவர்கள்" என்ற கேலி அப்போதே உண்டு.

ஓங்கோலில் இருந்த அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளவ் இதைச் சமாளித்த விதம் சுவாரஸ்யமானது. பக்கிங்ஹாம் கால்வாயில் சில மைல் தூரம் வெட்டும் கான்டிராக்டை அவரே எடுத்து, மாதிகா மக்களுக்கு வேலை கொடுத்தார். ஆனால் பஞ்ச நிவாரணம் நடந்த ஓராண்டுக்கும் மேல் ஒருவருக்குக்கூட ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. சோற்றையும் சடங்கையும் கலக்கக் கூடாது என்று நிறுத்தி வைத்தார். நிவாரணம் முடிந்து, கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லாத நிலையில், 1878 ஜூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

இந்த நிகழ்ச்சி எனக்கு ஒன்று சொல்கிறது. சோறு நின்றபிறகும் வந்தார்கள் என்றால் அவர்கள் தேடி வந்தது சோறு மட்டும் இல்லை. அதே சமயம், பசித்த நாளில் பக்கத்தில் நின்றவனை நம்பித்தான் வந்திருக்கிறார்கள். இதில் எது ஆன்மிகக் காரணம், எது உலகக் காரணம் என்று கத்தி வைத்து நறுக்கமுடியுமா? யோவான் 6-ம் அதிகாரத்தில் இயேசு, அப்பம் சாப்பிட்டதால்தானே என்னைத் தேடி வருகிறீர்கள் என்று கூட்டத்தைக் கடிந்துகொள்கிறார். மிஷனரிகள் அடிக்கடி காட்டிய இடம் இது. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். முதலில் சாப்பாடு போட்டார், மறுநாள்தான் கேள்வி கேட்டார். எதற்காக வந்தாய் என்று விசாரித்துவிட்டுப் பந்தியில் உட்காரவைக்கவில்லை.

ஆண்ட்ரூ, கௌடி, டிரெமென்ஹீர்

செங்கல்பட்டில் சுதந்திரத் திருச்சபை மிஷனரியாக இருந்தவர் ஆடம் ஆண்ட்ரூ. திருவள்ளூரில் வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷனரியாக இருந்தவர் வில்லியம் கௌடி. (திருவள்ளூரில் கௌடி பெயரில் பள்ளி இருக்கிறது.) இருவரும் சேரிகளில் வேலை செய்தவர்கள். 1880-களின் கடைசியில் இருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்: இங்கே பிரச்சினையின் வேர் நிலம்.

அவர்கள் பார்த்தது என்ன? ஒரு சேரி சபையில் சேர முடிவெடுக்கும். பள்ளிக்கூடம் கட்ட இடம் வேண்டும். இடம் மிராசுதாருடையது. கட்டக் கூடாது என்பார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினால் மாடு மேய்க்க ஆள் ஏது என்பார். மீறினால் வேலை நிற்கும், வழி அடைபடும், பொய்ப் புகார் போகும், கடைசியில் "என் மனையைக் காலி பண்ணு". இதற்கு மேல் ஒரு குடும்பம் என்ன செய்யும்? ஒரு ஞாயிறு வழிபாட்டுக்கு ஊரே திரண்டு வரும், அடுத்த ஞாயிறு ஒருவரும் இருக்கமாட்டார்கள். இது விசுவாசக் குறைவு என்று எழுதிவிடலாம். ஆண்ட்ரூ அப்படி எழுதவில்லை. பத்திரிகைகளுக்குக் கடிதம், அரசுக்கு மனு, தரிசு நிலத்துக்குச் சேரி மக்கள் பெயரில் தர்காஸ்து என்று இறங்கினார்.

யாத்திராகமம் 6-ம் அதிகாரத்தில் ஒரு சின்ன செய்தி வரும். உங்களை மீட்பேன் என்று கடவுள் சொன்னதை மோசே போய் மக்களிடம் சொல்கிறார். அவர்கள் காதில் ஏறவில்லை. காரணம், மனம் நொந்துபோன நிலையும் கொடுமையான வேலையும். பிரசங்கம் ஏறாததற்குக் காரணம் கேட்பவனின் பாவம் என்று அங்கே சொல்லப்படவில்லை, வேலைச்சுமை என்று சொல்லப்படுகிறது. ஆண்ட்ரூ செங்கல்பட்டில் கண்டதும் இதைத்தான்.

இதையெல்லாம் அரசு ஆவணமாக ஆக்கியவர் அப்போது செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ஜேம்ஸ் டிரெமென்ஹீர். 1891-ல் செங்கல்பட்டுப் பறையர்களைப் பற்றி அவர் கொடுத்த அறிக்கை, படிப்பவரை இன்றும் உலுக்கும். படியாள் கடன், சேரி மனை, தர்காஸ்து விதியில் மிராசுதாருக்கு இருந்த முன்னுரிமை, பள்ளி இல்லாமை என்று ஒவ்வொன்றாக அடுக்கியிருந்தார். வருவாய் நிர்வாகம் முழுமனதோடு ஏற்கவில்லை, நிறைய நீர்த்துப்போனது. ஆனாலும் 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010-ம் எண் அரசாணை வந்தது. தரிசு நிலத்தை ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு ஒதுக்குவது என்ற கொள்கையின் தொடக்கமாக அதைச் சொல்வார்கள். பத்து வருடம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அதே வகுப்பினருக்குத்தான் விற்கவேண்டும் என்ற நிபந்தனையோடு வழங்கப்பட்ட இந்த நிலங்களைத்தான் நாம் பஞ்சமி நிலம் என்கிறோம். லேவியராகமத்தை எடுத்துப் பாருங்கள். நிலத்தை நிரந்தரமாக விற்கக் கூடாது என்ற விதி அங்கேயும் இருக்கிறது.

1890-களில் ஆண்ட்ரூ சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் நிலம் பெற்று ஒரு கிறித்தவக் குடியிருப்பை ஏற்படுத்தினார். மெல்ரோசாபுரம் என்று பெயர். கௌடி 1894-ல் மிஷனரிகளின் பத்திரிகையில் பறையர்களும் நிலமும் என்ற பொருளில் கட்டுரை எழுதினார். ஸ்காட்லாந்தில் இதே காலத்தில், 1886-ல்தான், மலைநாட்டுச் சிறு விவசாயிகளை நிலப்பிரபு இஷ்டத்துக்கு வெளியேற்றமுடியாது என்று சட்டம் வந்திருந்தது. ஆண்ட்ரூவின் சொந்த நாட்டிலும் இது சூடான விஷயம்.

மிஷன் வட்டாரத்திலேயே எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. நாம் வந்தது ஆத்துமாவைக் காப்பாற்ற, பட்டா வாங்கித் தர இல்லை என்ற குரல் வலுவாகவே இருந்தது. ரூபா விஸ்வநாத் 2014-ல் வெளியிட்ட "தி பறையா பிராப்ளம்" என்ற ஆய்வு நூல் இந்த இழுபறியை விரிவாகப் பேசுகிறது. இந்தக் காலகட்டத்தில் ஆர்வம் உள்ளவர்கள் கட்டாயம் படியுங்கள்.

மிஷனரிகள் வந்துதான் சேரி கண்விழித்தது என்ற கதையும் சரியாகாது. மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் "பறையன்" என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். மதம் மாறாமலே, அரசிடம் நேரடியாக உரிமை கேட்டவர். அயோத்திதாசர் 1898-ல் பௌத்தத்தின் பக்கம் போனார். ஒரே துயரத்துக்கு ஒரே காலத்தில் பல வாசல்கள் திறந்தன, சபை அதில் ஒன்று. சேரியில் இருந்தவர்கள் யோசித்துத்தான் வாசலைத் தேர்ந்தெடுத்தார்கள்.

எந்த உபத்திரவம்?

துன்பத்தைப் பற்றி வேதம் சொல்வதும் இந்த இடத்தில்தான் சிக்கலாகிறது. ரோமர் 5-ம் அதிகாரத்தில் பவுல், உபத்திரவம் பொறுமையைப் பிறப்பிக்கும், பொறுமை நம்பிக்கைக்குக் கொண்டுபோகும் என்ற கருத்தைச் சொல்கிறார். அருமையான இடம். கேன்சர் வார்டில் படுத்திருப்பவர்கள் இதைப் பிடித்துக்கொண்டு நாட்களைக் கடப்பதை நாம் பார்க்கிறோம்.

ஆனால் இதைப் படியாளிடம் மிராசுதார் சொன்னால்? 1 பேதுரு 2-ம் அதிகாரம் இன்னும் கடினம். கொடுமைக்கார எஜமானுக்கும் பணிந்திருக்கும்படி வேலைக்காரருக்கு அங்கே அறிவுரை இருக்கிறது. அமெரிக்காவில் அடிமை வைத்திருந்தவர்கள் இப்படிப்பட்ட வசனங்களைத்தான் பிரசங்கம் பண்ணச் சொன்னார்கள். அதே வேதத்தில் 1 கொரிந்தியர் 7-ம் அதிகாரமும் இருக்கிறது. அடிமையாக இருப்பவனுக்கு விடுதலை பெற வழி கிடைத்தால் அதைப் பயன்படுத்திக்கொள் என்கிறார் பவுல்.

எனக்குத் தோன்றுவது இது. புதிய ஏற்பாட்டுக் கடிதங்களை எழுதியவர்களும் கேட்டவர்களும் ஒரே படகில் இருந்தார்கள். பவுல் சிறையிலிருந்தே எழுதியிருக்கிறார். பேதுருவின் கடிதம் சிதறி வாழ்ந்தவர்களுக்கு எழுதப்பட்டது. தானும் அடிபடுகிறவன் கூட அடிபடுகிறவனிடம் சொன்ன "பொறுத்துக்கோ" அது. அடிக்கிறவனோ, அடியைத் தூரத்தில் நின்று பார்ப்பவனோ அதே வார்த்தையைச் சொன்னால் எழுத்து மாறாது, பொருள் மாறிவிடும். செங்கல்பட்டுச் சேரிக்குப் பொறுமையைப் போதிக்க ஆண்ட்ரூவுக்கு ஏதாவது தகுதி இருந்தது என்றால், அது தர்காஸ்து மனுவைத் தூக்கிக்கொண்டு கச்சேரி ஏறி இறங்கிய பிறகு வந்த தகுதி.

சபைக்கு உள்ளே

வெளியே இருக்கும் மிராசுதாரை மட்டும் பேசிவிட்டு நிறுத்தினால் பாதிக் கதைதான். சபைக்குள்ளே என்ன நடந்தது?

தமிழ்நாட்டுப் புராட்டஸ்டண்ட் சபைகளில் சாதி வாரியாக இடம் பிரித்து உட்காருவது தரங்கம்பாடிக் காலத்திலிருந்தே வந்த வழக்கம். நற்கருணைக் கிண்ணத்தில் யார் முதலில் குடிப்பது என்பதுவரை அது போனது. 1833-ல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு அடியோடு ஒழியவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரிய கலகம். தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தின் உச்சிகளில் ஒருவரான வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கங்களை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

சபை வாழ்க்கையைப் பற்றிய புதிய ஏற்பாட்டுப் பகுதிகளைப் படித்தால் இது ஆதிச் சபையிலேயே வந்த சண்டை என்று தெரியும். அப்போஸ்தலர் 6-ம் அதிகாரத்தில், தினசரி உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசும் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுகிறது. தலைவர்கள் செய்தது என்ன? ஜெபம் பண்ணுங்கள், சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பவில்லை. ஏழு பேரைப் பொறுப்பில் அமர்த்தினார்கள். அந்த ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள்! புகார் சொன்ன பக்கத்திடமே பங்கீட்டைக் கொடுத்துவிட்டார்கள். 1 கொரிந்தியர் 11-ல் பவுலின் கோபம், விருந்தில் பணக்காரன் முன்னாலேயே சாப்பிட்டுவிட, ஏழை பசியோடு நிற்பதைப் பற்றி. அப்படி நடக்கும் பந்திக்கு ஆண்டவருடைய பந்தி என்று பெயரே கிடையாது என்கிறார்.

ஆக, சோறு, இடம், பங்கு எல்லாம் சபைக்கு வெளியே இருக்கும் "உலக விஷயம்" இல்லை. சபை என்றால் என்ன என்பதையே அவைதான் தீர்மானிக்கின்றன. சேரிக்காரன் மனை கேட்டான் என்பதற்காக அவன் விசுவாசத்தைச் சந்தேகித்தவர்கள், தன் பெஞ்சை விட்டுக்கொடுக்காதவனின் விசுவாசத்தை அதே அளவு சந்தேகித்தார்களா? இதுதான் நான் கேட்க விரும்பும் கேள்வி.

கணக்கு இன்னும் முடியவில்லை

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. ஆண்ட்ரூவின் மிஷனும் கௌடியின் மிஷனும் விட்டுச்சென்ற சபைகள் அந்த ஒரே குடைக்குள் வந்தன.

மூன்று வருடம் கழித்து, 1950 ஆகஸ்ட் 10 அன்று, குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை வந்தது. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் விலக்கு வந்தது. கிறித்தவருக்கு இன்றுவரை வரவில்லை. தமிழ்நாட்டில் கிறித்தவ ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். ஒரே சேரி, ஒரே தெரு, அண்ணன் தம்பி இருவர். ஒருவர் சான்றிதழ் ஒன்று, இன்னொருவர் சான்றிதழ் வேறு. மதம் மாறினால் சாதி போய்விடும் என்று அரசு நம்புகிறது. ஊர் நம்பவில்லை. பல இடங்களில் கல்லறைத் தோட்டம்கூட நம்பவில்லை.

நிலத்தின் கதை இன்னும் வேதனை. மாகாணம் முழுக்கப் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் பஞ்சமி நிலத்தில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. 1994-ல் பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டம் எழுந்தது. அங்கே வைத்த அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்து அக்டோபர் 10 அன்று நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டது. இறந்தவர்கள் இருவர்: ஜான் தாமஸ், ஏழுமலை. ஒரு பெயர் வேதாகமத்திலிருந்து வந்தது, இன்னொன்று திருப்பதி மலையிலிருந்து. டிரெமென்ஹீர் அறிக்கை எழுதி நூறு வருடம் தாண்டியபிறகு, அதே ஜில்லாவில், அதே நிலத்துக்காக.

அப்படியானால் மீட்பு என்பது நிலம்தானா?

அப்படிச் சுருக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. விசுவாசியாக இருக்கும் என் நண்பர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. கிறித்தவ போதனையின்படி இரட்சிப்பு கூலி இல்லை, சம்பாதிப்பதும் இல்லை, கிருபையாகக் கிடைக்கும் ஈவு. பட்டா கிடைக்காமலே செத்துப்போன ஆயிரக்கணக்கான படியாட்கள், கடவுள் தங்களைப் பெயர் சொல்லி அறிந்திருக்கிறார் என்ற நம்பிக்கையோடு செத்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கென்ன உரிமை? ஊர்த் தெருவில் நிமிர்ந்து நடக்கமுடியாத ஒருவனுக்கு, நீயும் கடவுளின் சாயல் என்று ஒருவர் சொல்வது பட்டாவை விடச் சின்ன விஷயம் இல்லை.

ஆனால் யாக்கோபு தன் கடிதத்தின் 2-ம் அதிகாரத்தில் கேட்பதும் அதே வேதத்தில்தான் இருக்கிறது. துணியும் சோறும் இல்லாதவனிடம் சமாதானமாகப் போய்வா என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அதனால் என்ன பயன்? ஆண்ட்ரூவும் கௌடியும் கண்டுபிடித்தது புதிய இறையியல் இல்லை. சொல்லின் பழைய பொருளைச் சேரி மக்கள் அவர்களுக்கு நினைவுபடுத்தினார்கள். மிஷனரி "மீட்பு" என்றபோது சேரிக்காரர் காதில் கடன் சீட்டும் மனையும் கேட்டது. அது தவறான புரிதல் என்று அப்போது பலர் நினைத்தார்கள். லேவியராகமம் 25-ஐ வைத்துப் பார்த்தால், சொல்லைச் சரியாகக் கேட்டவர்கள் அவர்கள்தான்.

மெல்ரோசாபுரம் இன்றும் இருக்கிறது. சென்னை, திருச்சி நெடுஞ்சாலையில் சிங்கப்பெருமாள்கோயிலைத் தாண்டும்போது பெரும்பாலோர் தொழிற்பேட்டைகளைத்தான் கவனிப்போம். அடுத்தமுறை அந்தப் பக்கம் போனால் அந்தப் பெயர்ப் பலகையைத் தேடிப் பாருங்கள். உங்கள் ஊரில் பஞ்சமி நிலம் எந்த சர்வே எண்ணில் இருக்கிறது, இப்போது யார் கையில் இருக்கிறது என்பதை விசாரித்துப் பாருங்கள். தாலுகா அலுவலகத்தில் பழைய அ-பதிவேடு இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டி மனுப் போட்டால் கேட்கலாம். கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.